ஐந்தாவது கீமோவுக்குப் போன நாள்

சங்ககிரியில் பஸ் நின்றபோது உண்ணாமலை தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் பையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். முந்தின நாள் முழுக்க என்னோடு ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தவள். விடிவதற்கு முன்பே எழுந்து மாட்டைக் கறந்து, எனக்குக் கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். திருச்செங்கோட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே கண் செருகிவிட்டது. கண்டக்டர் சங்ககிரி, சங்ககிரி என்று சத்தம் போட்டார். நான் எழுந்தேன். என் கால் அவள் காலில் படாமல் நகர்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து படியில் இறங்கினேன். பஸ் புறப்பட்டது. ஜன்னலோடு அவள் தலையும் நகர்ந்து போவதை நின்று பார்த்தேன். பெண்டாட்டியை ஓடுகிற பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவனுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். பயமோ வெட்கமோ, ஏதாவது ஒன்று. எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

என் பெயர் சின்னுசாமி. ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரில்லர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ரிக் வண்டியோடு வடக்கே போயிருப்பார்கள். நானும் இருபத்து நாலு வருஷம் போனேன். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒரிசா. வருஷத்தில் பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டில். மகள் தீபிகா பிறந்தபோதுகூட நான் ஜபல்பூர் பக்கத்தில் ஒரு சோளக்காட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் இப்போது காலேஜில் கணக்குப் படிக்கிறாள். உண்ணாமலையும் நானும் சேர்ந்தாற்போல் மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தது இந்த நோய் வந்த பிறகுதான்.

போன வருஷம் ராய்ப்பூர் பக்கத்தில் கேம்ப்பில் முகம் மழிக்கும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாத எதையும் வண்டிக்காரன் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டான். ஆடி நோம்பிக்கு ஊருக்கு வந்தபோது அது எலுமிச்சை அளவு ஆகியிருந்தது. சட்டை தொளதொளத்தது. வாசலில் பையை வைக்கும்போதே உண்ணாமலை, "கழுத்துல என்னங்க அது?" என்று கேட்டாள். அடுத்த நாளே சேலத்துக்கு இழுத்துப் போனாள். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்துவிட்டு லிம்போமா என்றார்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே பெரிய டாக்டர் என் முதுகில் கை வைத்து, "பயப்படாதீங்க. இது கொணமாகற வகை. மூணு வாரத்துக்கு ஒண்ணா ஆறு கீமோ. நல்லா வந்துருவீங்க" என்றார்.

அவர் சொன்னது சத்தியம். இன்றைக்கு நான் இருக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் வேறு ஒரு வேலை செய்தது. பார்க்க வந்த ஒறம்பரை, சொந்தக்காரர்களிடமெல்லாம் உண்ணாமலை, "நல்ல வகைதானாமுங்க, கொணமாயிருமாமுங்க" என்றாள். அவர்களும் போகும்போது, "உனக்கென்னப்பா, கடவுள் கண்ணத் தொறந்துட்டான்" என்று சொல்லிப் போனார்கள். நானும் தலையாட்டினேன். சாகப்போகிறவனுக்கு அழ உரிமை உண்டு. பிழைக்கப்போகிறவன் எதற்கு அழுவது? பக்கத்து நாற்காலிகளில் மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்தால், எனக்கு வந்ததைச் சொல்லவே வாய் கூசும். அதனால் எனக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எனக்கே சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு கீமோவோடும் ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். அந்த ஐந்து நாளும் எனக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். தூக்கம் வராது, பசி அடங்காது, வீட்டிலிருக்கிற ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டுவேன். ஆறாவது நாள் மாத்திரை நின்றதும் பொத்தென்று விழுவேன். முதல் இரண்டு தடவை நாலு நாளில் எழுந்துகொண்டேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு எழவில்லை. கட்டிலில் கிடந்து, மேலே சீலிங்கில் காரைப் பூச்சு உதிர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு மண்ணு மாதிரி இருந்தது. மருந்தால் நாக்கு செத்துப்போனது அது என்று தெரியும். ஆனால் தீபிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து காலேஜில் நடந்த வேடிக்கையைச் சொன்னாலும் அதுவும் மண்ணாகத்தான் இருந்தது. அதற்கு எந்த நாக்கைக் குறை சொல்வது? அவள் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் உதட்டை விரிப்பேன். அவள் எழுந்து போய்விடுவாள். வண்டியில் என்னோடு இருந்த ஆட்கள் போன் செய்தார்கள். எடுக்கவில்லை. பிறகு போனையே உண்ணாமலையின் பையில் போட்டுவிட்டேன்.

கீமோ வார்டில் அறிவுச்செல்வி என்று ஒரு நர்ஸ். ஆத்தூர்ப் பெண். ஒவ்வொரு தடவையும் ஊசி போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து ஒன்பது கேள்வி கேட்பாள். எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறதா, மனசு சோர்ந்துபோகிறதா, தூக்கம் எப்படி, இப்படி. நான் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்பேன். "நெஜமாவாண்ணா?" என்று ஒரு தடவை கேட்டாள். "போர் வண்டிக்காரனுக்கு என்னம்மா மனசு" என்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற உண்ணாமலையும் சிரித்தாள். ஆனால் அவள் பார்வை தாளிலேயே இருந்தது.

நான் சங்ககிரியில் இறங்கியதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாக வேண்டும் என்று இறங்கினேனா என்று பின்னால் டாக்டர் கேட்டார். இல்லை. அப்படி எந்தத் திட்டமும் என்னிடம் இல்லை. நான் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கும் என்ற நினைப்பு மட்டும் ஒன்றரை மாதமாகக் கூடவே இருந்தது. உண்ணாமலை தூங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தபோது, இவளை இப்படியே தூங்க விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். அதை ஒரு நல்ல காரியம் என்றே நம்பினேன். மனசுக்குள் வந்த அந்த நோய் அப்படித்தான் பேசும். நம்முடைய குரலிலேயே, நம் பெண்டாட்டி பிள்ளை மேல் அக்கறை உள்ளது மாதிரியே பேசும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பைபாஸுக்கு நடந்தேன். கால் பின்னியது. வண்டிக்காரனுக்கு ரோட்டைப் பார்த்தால் கை தானாக நீளும். ஒரு பத்துச் சக்கர லாரி வேகத்தைக் குறைத்து நின்றது. டிரைவர் மட்டும் இருந்தார். என் வயசுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு, தோளில் ஈரத் துண்டு.

"எங்கீங்க போகோணும்?"

"வண்டி எங்க போகுதுங்க?"

"சோலாப்பூருங்க. லுங்கி பேல் லோடு."

"அங்கதானுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையில் குல்லா, முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பைகூட இல்லை. சோலாப்பூர் போகிற ஆள் மாதிரியா இருந்திருப்பேன்? ஆனாலும், "ஏறுங்க" என்றார்.

பெயர் குழந்தைவேல். கொமாரபாளையம். குடும்பமே தறிக்காரர்கள், அவர் மட்டும் லாரிக்கு வந்துவிட்டாராம். மகள் மோனிஷாவுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னார். என் தொழிலைக் கேட்டார். போர் வண்டி என்றதும் முகம் மலர்ந்தது. நாக்பூர் ரோட்டில் நம் ஊர்க்காரர் நடத்துகிற ஓட்டல் ஒன்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தச் சாம்பாரைப் பற்றிக் கொஞ்ச தூரம் பேசினோம். அதாவது அவர் பேசினார், நான் ஆமாங்க, ஆமாங்க என்றேன். காற்று அடித்தது. இன்ஜின் சூடு காலில் ஏறியது. இருபத்து நாலு வருஷம் பழகிய சூடு. ஒரு ஐந்து நிமிஷம் நான் தப்பித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

மகுடஞ்சாவடி தாண்டும்போது வெயிலில் நெற்றி வேர்த்தது என்று குல்லாவைச் சற்று மேலே தள்ளினேன். சட்டைக் கை ஏறி, முந்தின நாள் ரத்தம் எடுத்த இடத்து பிளாஸ்திரி தெரிந்திருக்க வேண்டும். அவர் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டைப் பார்த்தபடியே, "என்ற மச்சானுக்கும் புருவமெல்லாம் கொட்டிருச்சுங்க" என்றார்.

குல்லாவை மறுபடியும் கீழே இழுத்துவிட்டேன். "இப்ப எப்படி இருக்கறாருங்க?"

"ஆட்டையாம்பட்டில மளியக்கடை வெச்சிருக்கறாரு. நெம்பப் பேசுவாருங்க. போன் பண்ணாருன்னா வெக்கமாட்டாரு."

மறுபடியும் கொஞ்ச தூரம். பிறகு சாதாரணமாக, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற மாதிரி, "ஊட்ல சொல்லிட்டுத்தானுங்க வந்தீங்க?" என்றார்.

சொல்லிவிட்டேன் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். "பஸ்ஸுல தூங்கிட்டிருக்கறாங்க" என்று வந்தது. அதைச் சொன்னதும், ஒன்றரை மாதமாக எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போன அழுகை வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்தியும் நிற்கவில்லை. என் காதுக்கே அந்தச் சத்தம் யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது.

குழந்தைவேல் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். அழாதீங்க என்று சொல்லவில்லை. எல்லாம் சரியாயிரும் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு, ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். டயரைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். சுற்றி முடித்து, மறுபடியும் முதல் டயரிலிருந்து ஆரம்பித்தார். பத்து டயரையும் இரண்டு தடவை தட்டினார். எந்த டிரைவரும் அப்படித் தட்ட மாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் தனியாக அழுது முடிப்பதற்கு அவர் நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் யார் யாரோ எனக்கு என்னென்னவோ செய்திருக்கிறார்கள். அந்த இருபது டங்டங்குக்கு நான் பட்ட கடன் வேறு.

ஏறி உட்கார்ந்து, "நெம்பரு ஞாவகம் இருக்குதுங்களா?" என்றார். உண்ணாமலையின் நம்பர் ஒன்றுதான் எனக்கு மனப்பாடம். அவர் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஆருங்க?"

"அம்மிணி, நானு லாரி டிரைவரு குழந்தைவேலுங்க, கொமாரபாளையம். உங்க ஊட்டுக்காரரு என்ற வண்டிலதான் இருக்கறாரு. நல்லாருக்கறாருங்க. ஒண்ணும் வெசனப்படாதீங்க."

அவர் போனை என் பக்கம் நீட்டினார். அவள் குரல் வந்தது.

"கஞ்சி எங்கிட்டயே இருக்குதுங்க. அவரு காத்தால இருந்து ஒண்ணுமே உங்கல. எதாச்சும் வாங்கிக் குடுங்க சாமி."

எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். "ஆஸ்பத்திரிலதானுங்க. அவரு சேர்ல" என்றாள்.

கொண்டலாம்பட்டி வந்ததும் குழந்தைவேல் வண்டியை ரோட்டோரம் நிறுத்திப் பூட்டினார். பகலில் பெரிய வண்டி டவுனுக்குள் போகமுடியாது. நான் ஆட்டோ பிடித்துப் போய்க்கொள்கிறேன் என்றேன். "நீங்க போயிருவீங்க, தெரியுமுங்க. நானுஞ் சும்மா வாரேன்" என்றார். கடையில் பால் வாங்கி, இன்னொரு தடவை கொதிக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தார். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று. மச்சானுக்குப் பார்த்தவர், எதை உண்ணலாம் எதை உண்ணக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோ டவுனுக்குள் ஊர்ந்தது. செவ்வாய்ப்பேட்டையில் அரிசி மூட்டை இறக்குகிற லாரியால் வழி அடைத்துக் கால் மணி நேரம் நின்றோம். சோலாப்பூரில் அவருக்காக யாரோ காத்திருப்பார்கள். ஒரு தடவைகூட அவர் மணி பார்க்கவில்லை.

உண்ணாமலை அந்தக் காலையில் என்ன செய்தாள் என்பது பின்னால் அறிவுச்செல்வி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கண் விழித்தபோது பஸ் சேலத்துக்குள் வந்துவிட்டது. கண்டக்டர், "அவரு சங்ககிரிலயே எறங்கிட்டாருங்களே" என்றிருக்கிறார். எனக்குப் போன் போட்டால் அது அவள் பையிலேயே அடித்திருக்கிறது. திரும்பிச் சங்ககிரிக்குப் போய்த் தேடுவதா என்று யோசித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். "நான் ஊரெல்லாம் சுத்துனன்னா அவரு என்னிய எங்கீன்னு தேடுவாரு? இங்க இருந்தன்னா தெரியும்" என்றாளாம். அன்றைக்குக் கூட்டம் அதிகம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் என்னுடைய சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "வந்துருவாருங்க, ஆருக்கும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அறிவுச்செல்வி வேறு ஒருவரை அந்த இடத்துக்கு அனுப்பவில்லை. வராதவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதவும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, அண்ணனுக்காக நீங்க சொல்லுங்க" என்றிருக்கிறாள். ஒன்பது கேள்விக்கும் உண்ணாமலை பதில் சொல்லியிருக்கிறாள். நான் சீலிங்கைப் பார்த்துக் கிடப்பது, மகள் பேசும்போது உதட்டை மட்டும் விரிப்பது, குளிக்கச் சொன்னால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பது, எல்லாவற்றையும். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் உள்ளே போனபோது பதினொரு மணி இருக்கும். உண்ணாமலை என்னைப் பார்த்ததும் எழுந்தாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். "உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் ஃபிளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"உண்ணாமல, எனக்கு நல்லால்ல."

"தெரியுமுங்க."

"ஒடம்பச் சொல்லல."

"அதுந் தெரியுமுங்க."

குழந்தைவேல் வாசலிலேயே நின்றிருந்தார். உண்ணாமலை அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். "வாரேனுங்க. மோனிஷா கல்யாணத்துக்குக் கூப்புடுவேன், கட்டாயம் வரோணும்" என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்ல இடம் கொடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அறிவுச்செல்வி தாளோடு வந்தாள். இந்தத் தடவை என்னிடமே கேட்டாள். திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தணிந்த குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாக ஆமாம் என்றேன். எட்டு ஆமாம். ஒன்பதாவது கேள்விக்கு முன்னால் அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

உண்ணாமலை, "நான் வெளிய நிக்கட்டுமாங்க?" என்றாள்.

"வேண்டாம், இரு" என்றேன்.

"செத்துப்போனா தேவலைன்னு தோணியிருக்காண்ணா?"

"தோணிருக்குதும்மா."

உண்ணாமலை என் கால்மாட்டில் நின்றிருந்தாள். என் பாதத்தைப் போர்வையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். விடவில்லை. அறிவுச்செல்வி தாளில் அதை எழுதினாள். யாரும் அதிரவில்லை, கூரை இடிந்து விழவில்லை. ஒன்றரை மாதமாக நான் நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்த பூதம் ஒரு கட்டத்துக்குள் பால்பாயிண்ட் பேனாவின் ஒரு டிக்காக மாறிவிட்டது. "இது உங்க கொணம் இல்லண்ணா, வியாதி. இதுக்கும் இங்க மருந்து இருக்கு. டாக்டர் இன்னிக்கே பாப்பாரு" என்றாள்.

மனநல டாக்டர் ஆனந்தகுமார் இளவயசுக்காரர். என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சிவப்பு நிறக் கீமோ மருந்து இறங்கி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஐந்து நாள் ஸ்டீராய்டு எடுத்து நிறுத்தும்போது மனசு விழுவது, நோயே உடம்பை உறிஞ்சுவது, வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ஆள் ஒரே இடத்தில் கிடப்பது, எல்லாம் சேர்ந்திருக்கிறது என்றார். இந்த வார்டில் நிறையப் பேருக்கு இது வருகிறது, முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை என்றார். "எனக்குக் கொணமாகற வகைன்னு சொன்னாங்களேங்க. அப்பறம் நான் எதுக்கு இப்படி?" என்று கேட்டேன். "கால் ஒடிஞ்சவருக்கு, சேந்துரும்னு சொன்னா வலிக்காம போயிருமா?" என்றார். அதைக் கேட்டு உண்ணாமலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளும் அதே வார்த்தையை ஊரெல்லாம் சொல்லித் தன்னைத்தானே அமுக்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தூங்குகிற நேரத்துக்கு ஒரு மாத்திரை. ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும்படி பெரிய டாக்டரோடு பேசி மாற்றினார்கள். வாரம் ஒரு தடவை அறிவுச்செல்வி போன் செய்வாள். மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் ஆகும் என்றார் டாக்டர். எனக்கு ஐந்து வாரம் ஆனது. முதலில் திரும்பி வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். பக்கத்துத் தறிக்குடோனில் ராத்திரி பகலாகத் தடதடவென்று சத்தம். அத்தனை நாளும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, என் காதில் விழவே இல்லை. ஒருநாள் மத்தியானம், "என்ன சத்தம்டா இது, மனுசன் படுக்கறதா வேண்டாமா" என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து தீபிகா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவுக்குக் கோவம் வந்துருச்சு!" என்று பரீட்சையில் பாஸான மாதிரி கூவினாள்.

ஆறாவது கீமோ முடிந்தது. தை மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இல்லை, எங்கும் இல்லை என்று பெரிய டாக்டர் கை குலுக்கினார். அன்றைக்கும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. ஆனால் அதைப் பஸ்ஸில் வரும்போது உண்ணாமலையிடம் சொல்ல முடிந்தது. "எனக்குந்தானுங்க. தூங்கோணும்னுதான் இருக்குது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். மோனிஷா கல்யாணத்துக்குப் பவானியில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தோம். குழந்தைவேலின் மச்சான் என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். குழந்தைவேல் சொன்னது உண்மைதான், விடமாட்டேன் என்கிறார். அவரிடம் என் தொழில், என் ஊர், என் மாத்திரை எல்லாவற்றையும் நானும் ஒப்பித்தேன். அவரும் இரண்டு வருஷம் அதே மாத்திரை சாப்பிட்டாராம்.

இப்போது வெளியூர் போவதில்லை. திருச்செங்கோட்டில் ரிக் ஓனரின் பட்டறையிலேயே வேலை. மாத்திரை இன்னும் ஓடுகிறது. சில நாள் காலையில் காரணமே இல்லாமல் கனமாக இருக்கும். கழுத்தில் கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கும். அந்த நாட்களில், "இன்னிக்கி நல்லால்ல" என்று வீட்டில் சொல்லிவிடுவேன். சொல்வதற்கு ஆள் இருக்கிறது என்பதை நினைத்தால், கும்பிடத் தோன்றுகிறது. எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. ஒருவர் சோலாப்பூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறார், ஒருத்தி அஸ்தம்பட்டியில் யாருக்கோ நரம்பு தேடிக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி அடுப்படியில் இருக்கிறாள்.

போன சித்திரையில் ஒருநாள். மக்காச்சோளம் உதிர்த்துக் களத்தில் காயப் போட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருந்தேன். நாலு மணிக்கு மேற்கே கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. உண்ணாமலை களத்திலிருந்து கத்தினாள்.

"என்னங்க பண்றீங்க அங்க மரமாட்ட நின்னுட்டு! சோளம் பூராவும் நனையப்போகுது, ஓடியாங்க! கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

நான் ஓடினேன். பாதி தூரம் ஓடிய பிறகுதான், நான் ஓடுகிறேன் என்பதே உறைத்தது. நோய் வந்ததிலிருந்து அவள் என்னைத் திட்டவே இல்லை என்பதும் அதற்குப் பின்னால்தான் உறைத்தது. எழவு வீட்டில் பேசுகிற மாதிரி, பூவை எடுத்து வைக்கிற மாதிரித்தான் இத்தனை நாளும் பேசினாள். இப்போது எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததையே அவள் மறந்துவிட்டாள். தீபிகா கூட்டுமாறால் சோளத்தைக் குவித்துத் தள்ளினாள். முதல் துளிகள் தடித்தடியாக விழுந்து, மஞ்சள் மணிகளின் மேல் புழுதி கரைந்தது. உண்ணாமலை தார்ப்பாயை உதறி ஒரு முனையை என் பக்கம் வீசினாள். பிடித்தேன். காற்று அடியில் புகுந்து அதை வயிறு மாதிரி உப்பித் தூக்கியது. மறுமுனையில் அவள் தலைமுடி கலைந்து, முகமெல்லாம் மழை வழிய, குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இழுங்க!" என்றாள். "உட்றாதீங்க, நல்லா இழுங்க!"